மருந்தை நிறுத்தச் சொல்வோருக்கு ஒரு மறுப்பு

ஹெராயின், ஆக்சிகோடோன், பென்டனில் முதலான அபினி இனத்துப் பொருள்களுக்கு ஆட்பட்ட ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி தெரிந்த மாத்திரத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சட்டமியற்றுவோரும் சிறை அதிகாரிகளும் உற்றார் உறவினரும், சில வேளைகளில் வைத்தியர்களுமே கூட, அவளுக்குச் சொல்லும் முதல் வார்த்தை, ‘உடனே நிறுத்திவிடு, உனக்காக இல்லாவிட்டாலும் வயிற்றிலுள்ள பிள்ளைக்காகவாவது நிறுத்திவிடு’ என்பதாகும். கேட்பதற்கு இதைவிட நியாயமான உபதேசம் இருக்க முடியாது. தாய்மையின் பொறுப்பையும் ஒரு பாவமும் அறியாத சிசுவின் கதியையும் ஒருங்கே நினைவூட்டுகிற இவ்வார்த்தையை மறுத்துப் பேசத் துணிகிறவன், போதைக்குப் பரிந்து பேசுகிறவன் என்ற பழிக்கு ஆளாவதும் எளிது. ஆயினும் இந்த உபதேசம் தவறானது என்றும், இதனால் தாய்மாரும் அவர்கள் பெற்ற மக்களும் அடைந்த தீங்கு சிறிதன்று என்றும், அத்தகைய கர்ப்பிணிக்கு வேண்டுவது வைத்தியரின் மேற்பார்வையில் இடையறாது கிடைக்கும் மருந்தே என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

மாற்றார் கட்சியை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுக்கப் புக வேண்டும் என்பது, பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்த நம் தர்க்க நூலார் கைக்கொண்ட நெறி. அந்நெறிப்படி அவர்கள் கூற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய் உட்கொள்ளும் போதைப்பொருள் நஞ்சுக்கொடியின் வழியே கருவிற்குச் செல்கிறது. பிறந்தவுடன் அந்த வரத்து நின்றுபோவதால் சிசு நடுங்குகிறது, வீரிட்டு அழுகிறது, பாலுண்ண மாட்டாமல் தவிக்கிறது. இதைத் தடுக்க வேண்டிய வைத்தியர்களோ, மெத்தடோன் என்றும் புப்ரெனார்ஃபின் என்றும் பெயருடைய, தாமும் அபினி இனத்தையே சார்ந்த மருந்துகளைத் தாய்க்கு நாள்தோறும் கொடுக்கிறார்கள். கொடுத்தும் சிசு நடுங்கத்தான் செய்கிறது. ஆகவே இந்தச் சிகிச்சை, கள்ளை ஒரு கலயத்திலிருந்து மற்றொரு கலயத்தில் ஊற்றுவதேயன்றி வேறில்லை; கர்ப்ப காலத்திலேனும் தன் மனத்தைக் கட்ட மாட்டாதவளைச் சட்டத்தின் அச்சத்தாலாவது கட்டியாக வேண்டும். இதுவே அவர்கள் வாதம். இதில் கூறப்படும் செய்திகளில் பெரும்பாலானவை மெய் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிசு நடுங்குவது மெய். மெத்தடோன் அபினி இனத்தது என்பதும் மெய். மெய்யான செய்திகளிலிருந்து பிழையான முடிவு எவ்வாறு பிறந்தது என்பதே ஆராயத்தக்கது.

கலயத்தின் உவமையை எடுத்துக்கொள்வோம். ஹெராயின் உடலில் நெடுநேரம் நிலைப்பதன்று. உட்கொண்ட சில மணி நேரத்திற்குள் அதன் வேகம் தணிந்து, வியர்வை, வயிற்றுவலி, வாந்தி, பேதி, நடுக்கம், உறக்கமின்மை முதலிய உபாதைகள் தலைகாட்டுகின்றன. அவற்றைத் தாங்க மாட்டாமல் அவள் மீண்டும் அதையே தேடிப் போகிறாள். ஒரே நாளில் பலமுறை நிகழும் இந்த ஏற்றமும் இறக்கமும் அவளோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வோர் இறக்கத்திலும் அவள் ரத்தத்தில் அட்ரினலின் முதலான சுரப்புகள் பெருகி, கருப்பையைத் துன்புறுத்தி, கருவையும் அல்லற்படுத்துகின்றன. 1975-ஆம் ஆண்டில் ஜுஸ்பான் என்ற மகப்பேற்று மருத்துவரும் அவருடன் உழைத்தவர்களும், மெத்தடோனின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு வந்த ஒரு கர்ப்பிணியின் பனிக்குட நீரை அவ்வப்போது எடுத்துச் சோதித்து, தாய்க்குக் கொடுக்கும் அளவு குறையக் குறைய அந்நீரில் இச்சுரப்புகள் ஏறுவதையும், அளவை உயர்த்தியதும் அவை தணிவதையும் கண்டு எழுதினார்கள். மெத்தடோனோ, முறையான அளவில் கொடுக்கப்பட்டால், ஒரு முழு நாளைக்கு ஏற்ற இறக்கமின்றி நிற்கக்கூடியது. மயக்கத்தையோ களிப்பையோ தருவது அதன் வேலையன்று. உபாதை எழாதபடி காத்து, தேடி அலையும் வேட்கையைத் தணிப்பதே அதன் வேலை. தெருவில் விற்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதையும், அதன் வீரியம் எவ்வளவு என்பதையும் வாங்குகிறவளும் அறியாள், விற்கிறவனும் அறியான். பலர் கைமாறிய ஊசியோ மஞ்சட்காமாலைக் கிருமியையும் எய்ட்ஸ் கிருமியையும் சுமந்து வருகிறது. இவையெல்லாம் நீங்கி, நாள்தோறும் ஒரு தாதியின் முகத்தைப் பார்த்து, அளந்த மருந்தைப் பருகி, எடையும் ரத்த அழுத்தமும் சோதிக்கப்பட்டு, வயிறார உண்டு உறங்கும் ஒரு பெண்ணின் கருவும், முன்னவளின் கருவும் ஒரே நிலையில் இருக்கின்றன என்று எவ்வாறு சொல்வது?

இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. நியூயார்க்கில் வின்சென்ட் டோல் என்ற வைத்திய ஆராய்ச்சியாளரும் மேரி நைஸ்வாண்டர் என்ற மனநோய் வைத்தியரும், ஹெராயினுக்கு ஆட்பட்டவர்களுக்கு மெத்தடோனைத் தொடர்ந்து கொடுத்து அவர்களை வேலைக்கும் குடும்பத்திற்கும் திரும்பச் செய்ததை 1965-இல் வெளியிட்டார்கள். அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே கர்ப்பிணிகளுக்கும் அம்மருந்து வழங்கப்படலாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்த அனுபவத்தை உலக சுகாதார நிறுவனம் 2014-இலும், அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2017-இலும் தம் வழிகாட்டு நெறிகளில் ஏற்று, கர்ப்ப காலத்தில் மருந்தை நிறுத்துவதைவிட மெத்தடோனாலோ புப்ரெனார்ஃபினாலோ சிகிச்சையைத் தொடர்வதே தக்கது என்று எழுதின. நெறி எழுதப்பட்டாயிற்று, ஊராரின் நெஞ்சில்தான் அது இன்னும் எழுதப்படவில்லை.

இவ்விரு மருந்துகளுக்குள்ளும் தாரதம்மியம் உண்டு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் ஹெண்ட்ரி ஜோன்ஸின் தலைமையில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், 175 கர்ப்பிணிகள் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக வகுக்கப்பட்டு, ஒரு பிரிவினர் மெத்தடோனும் மற்றவர் புப்ரெனார்ஃபினும் பெற்றனர். புப்ரெனார்ஃபின் பெற்ற தாய்மாரின் சிசுக்களுக்கு, மெத்தடோன் பெற்றவர்களின் சிசுக்களுக்குத் தேவைப்பட்ட மார்பினில் 89 சதவீதம் குறைவாகவே தேவைப்பட்டது. அவை மருத்துவமனையில் தங்கிய காலமும் சராசரி 17.5 நாளிலிருந்து 10 நாளாகச் சுருங்கியது. ஆனால் புப்ரெனார்ஃபின் பிரிவில் 33 சதவீதத்தினர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். மெத்தடோன் பிரிவில் விலகியவர் 18 சதவீதமே. சிசுவுக்கு இதமான மருந்து, தாயை நிறுத்திவைக்க மாட்டாவிடில் பயனில்லை. ஆகையால் எந்தப் பெண்ணுக்கு எது என்பதை அவளை அறிந்த வைத்தியர்தான் தெரிந்தெடுக்க வேண்டும். 2022-இல் வெளிவந்த மிகப் பெரிய கணக்கெடுப்பு ஒன்றிலும், குறைமாதப் பிரசவம் மெத்தடோன் பெற்றவர்களிடையே 24.9 சதவீதமாகவும் புப்ரெனார்ஃபின் பெற்றவர்களிடையே 14.4 சதவீதமாகவும் இருந்தது. சிகிச்சைக்குள்ளேயே இத்தனை நுட்பமாக ஆராய்ந்து, சிறந்ததிலும் சிறந்ததைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் அறிவுடையோர். வெளியே நிற்பவர்களோ, சிகிச்சையே வேண்டாம் என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, மாற்றார் கையிலுள்ள மிக வலிய ஆயுதத்திற்கு வருகிறேன். அதை மறைத்துவிட்டு மறுப்பது நேர்மையாகாது. கர்ப்ப காலத்தில் மருந்தை நிறுத்தினால் கரு மாண்டுபோகும் என்ற பழைய அச்சத்தைச் சோதிக்கும் பொருட்டு, டென்னஸி மாநிலத்தின் கிழக்குப் பகுதி வைத்தியர்கள், மருந்து நிறுத்தப்பட்ட 301 கர்ப்பிணிகளின் விவரங்களைத் தொகுத்து 2016-இல் வெளியிட்டார்கள். நிறுத்தியதன் காரணமாகக் கரு ஒன்றும் இறக்கவில்லை என்று அவர்கள் கண்டார்கள். இதைக் கையிலெடுத்துக்கொண்டு, ‘பார்த்தீர்களா, நிறுத்துவதில் ஆபத்தில்லை’ என்று கூறுவோர் பலர். பழைய அச்சம் மிகைப்பட்டது என்பதை நான் தயங்காமல் ஏற்கிறேன். ஆனால் அதே ஆய்வின் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டாமா? மருத்துவமனையில் வைத்து மருந்தை நிறுத்தி, பின்தொடர்ந்த நெருக்கமான உதவி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட 77 பெண்களின் சிசுக்களில் 70 சதவீதத்தினருக்குப் பிறந்தபின் அதே நடுக்கமும் உபாதையும் கண்டன. தாய் மீண்டும் போதைக்குத் திரும்பாமல் சிசுவுக்கு இது நேர்ந்திராது. நெருங்கிய பராமரிப்புப் பெற்றவர்கள் 23 பேரே. அவர்களிடையே அவ்வுபாதை ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருந்தது. சிறையில் இருக்கையில் நிறுத்தப்பட்டவர்களிடையேயும் அது குறைவாக இருந்தது. ஆனால் சிறைக்கதவை ஒரு சிகிச்சை முறையாகக் கொள்வதற்கு மனச்சாட்சியுள்ள எவரும் உடன்படார். அன்றியும், அந்த ஆய்வில் அளக்கப்பட்டவை கர்ப்பத்தின் முடிவும் சிசுவின் உபாதையுமே. பிரசவத்திற்குப் பின் அந்தத் தாய் உயிரோடிருந்தாளா என்பது அதன் கேள்வியாக இருக்கவில்லை. 2018-இல் மிஷ்கா டெர்ப்லானும் அவர் கூட்டாளிகளும் இவ்விஷயத்தில் நடந்த 15 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, மீண்டும் போதைக்குத் திரும்பியவர்களின் விகிதம் ஓர் ஆய்வில் பூச்சியமாகவும் மற்றோர் ஆய்வில் நூற்றுக்கு நூறாகவும் இருக்கக் கண்டார்கள். இத்தகைய ஆட்டங்காணும் அஸ்திவாரத்தின் மேல் ஒரு பொது விதியை எழுப்பி, அதன் கீழ் ஆயிரக்கணக்கான பெண்களை நிறுத்துவதை விவேகம் என்று சொல்லக் கூடுமா?

சிசுவின் நடுக்கத்தைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் எதிர்க்கட்சியின் உணர்ச்சி வேகமெல்லாம் அந்தக் காட்சியிலிருந்தே பிறக்கிறது. பெரும்பாலும் பிறந்த சில நாட்களுக்குள் அது தோன்றுகிறது: கீச்சென்ற அழுகை, கைகால் நடுக்கம், அடுக்கடுக்கான தும்மலும் கொட்டாவியும், விறைத்த தசை, இளகிய மலம், பால் குடிப்பதில் குழப்பம். பார்ப்பவர் நெஞ்சு உருகத்தான் செய்யும். எனினும் இது எதிர்பார்க்கத்தக்க, சிகிச்சைக்கு வசப்படுகிற, நாளடைவில் தீர்ந்துவிடுகிற ஓர் உபாதை. ‘பிறக்கும்போதே போதைக்கு அடிமை’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது அபத்தம். போதைக்கு அடிமையானவன், கேடு தெரிந்தும் அதையே நாடி ஓடுகிறவன். தொட்டிலில் கிடக்கும் சிசு எதை நாடி எங்கே ஓடும்? அதன் உடல் ஒரு மருந்துக்குப் பழகியிருந்தது, இப்போது அம்மருந்து இல்லாத நிலைக்குப் பழகிக்கொண்டிருக்கிறது, நடந்தது அவ்வளவே. தாயின் மருந்தளவு மிகுந்தால் சிசுவின் உபாதையும் அதற்கேற்ப மிகும் என்ற பொதுவான நம்பிக்கையும், ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது உறுதிப்படவில்லை. பேறுகாலம் நெருங்கும்போது கர்ப்பிணியின் ரத்தத்தின் அளவு பெருகி, ஈரல் மெத்தடோனை விரைந்து கரைப்பதால், அளவைக் கூட்டவோ ஒரு வேளையை இரு வேளையாகப் பிரிக்கவோ வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு அந்த வேளையில் அளவைக் குறைப்பவர், தாயை மீண்டும் தெருவுக்கு அனுப்புகிறார்.

இந்த உபாதைக்கு நாம் இதுகாறும் செய்துவந்த வைத்தியமே உபாதையை வளர்த்தது என்று தெரியவருகையில் நெஞ்சம் பதறுகிறது. 1975-இல் பிலடெல்பியாவில் லொரெட்டா பின்னகன் வகுத்த மதிப்பெண் பட்டியல் அந்தக் காலத்திற்குப் பேருதவி; அதுவரையில் ஒழுங்கான அளவுகோல் ஏதும் இருக்கவில்லை. ஆனால் அதைக் கையாண்டவர்கள் சிசுவைத் தாயினின்றும் பிரித்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளிச்சத்திலும் ஓயாத மணியோசையிலும் கிடத்தி, சில மணிக்கொரு முறை எழுப்பிச் சோதித்து, எழுப்பப்பட்ட சிசு அழுதால் அந்த அழுகைக்கும் மதிப்பெண் இட்டு, மார்பின் கொடுத்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் மாத்யூ கிராஸ்மனும் அவர் குழுவினரும் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். தாயையும் சிசுவையும் ஒரே அறையில், மங்கிய விளக்கில், சந்தடியின்றி வைத்தார்கள். மேனியோடு மேனி சேர்த்தணைக்கவும் முலையூட்டவும் தாயை ஊக்கினார்கள். சிசு வேண்டுமளவு பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரமாவது அயர்ந்து உறங்குகிறதா, தேற்றினால் சற்று நேரத்தில் அடங்குகிறதா என்று மட்டுமே பார்த்தார்கள். மெத்தடோன் பெற்ற தாய்மாரின் சிசுக்கள் அங்கே தங்கிய காலம் சில ஆண்டுகளுக்குள் 22.4 நாளிலிருந்து 5.9 நாளாகக் குறைந்தது. மார்பின் தேவைப்பட்டவை 98 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாயின. ஒரு மருத்துவமனையின் அதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாதபடி, 26 அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. வீட்டுக்கு அனுப்பத் தக்க நிலையைச் சிசுக்கள் அடைந்த காலம் 14.9 நாளிலிருந்து 8.2 நாளாயிற்று, மருந்து தேவைப்பட்டவை 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாயின.

இந்த எண்களின் பொருளைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். சிசுவுக்கு வாய்த்த மிகச் சிறந்த மருந்து, எந்தத் தாயைத் தகாதவள் என்று ஊரார் விலக்கினார்களோ அந்தத் தாயின் மடி. தாய்ப்பாலில் மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் மிகச் சிறிதளவே கலக்கின்றன. முலையுண்ணும் சிசுவுக்கு உபாதை குறைந்தே காணப்படுகிறது. சிகிச்சையில் நிலைத்திருக்கும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்து, அதைப் பிள்ளையின் பாதுகாப்பு என்று சொல்கிற வழக்கம், பிள்ளையின் மருந்தையே பறித்துவிடுகிறது.

வருங்காலத்தைப் பற்றிய அச்சமும் ஒன்று உண்டு: இப்பிள்ளைகள் அறிவு மழுங்கிப் போவார்கள் என்பது. இதே ஆரூடத்தை அமெரிக்கா முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறது. கொக்கேயின் உட்கொண்ட 23 கர்ப்பிணிகளைப் பற்றி 1985-இல் வந்த ஒரு சிறிய ஆய்வைப் பற்றிக்கொண்டு, ஒரு தலைமுறையே பாழாயிற்று என்று பத்திரிகைகள் முழங்கின. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற சிசு மருத்துவர், கொக்கேயின் தீண்டிய பிள்ளைகளையும் அதே ஏழைத் தெருக்களில் பிறந்து அது தீண்டாத பிள்ளைகளையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார். இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. இரு சாராரும் பின்தங்கியிருந்தார்கள். பின்னுக்கு இழுத்தது வறுமை. கொக்கேயின் வேறு, அபினி வேறு. ஒன்றன் முடிவை மற்றதன்மேல் நான் ஏற்ற மாட்டேன். ஆனால் தொட்டிலைப் பார்த்துத் தலைவிதியை எழுதிவிடும் அந்தப் பழைய அவசரத்தை இப்போதாவது கைவிடலாம்.

அச்சுறுத்தித் திருத்துவோம் என்ற கட்சியை நீண்ட ஆராய்ச்சியின்றியே மறுத்துவிடலாம். அதை நடத்திப் பார்த்தாயிற்று. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்கள் சம்மதமின்றிச் சோதித்து, கொக்கேயின் இருந்தால் போலீஸாருக்கு அறிவித்து வந்தது ஒரு பொது மருத்துவமனை; 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. டென்னஸி மாநிலம் 2014-இல், கர்ப்பத்தில் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் உட்கொண்டு பிள்ளைக்குத் தீங்கு விளைவித்த தாயைத் தாக்குதல் குற்றத்தின்பேரில் தண்டிக்கலாம் என்று ஒரு சட்டம் இயற்றிற்று. சிகிச்சையை முடித்தவளுக்கு அதில் விலக்கும் அளித்தது. ஆனால் மலைசார்ந்த அப்பிரதேசத்தில் கர்ப்பிணியை ஏற்கும் சிகிச்சை நிலையம் எத்தனை இருந்தது? கைதாகிவிடுவோம் என்று அஞ்சிய பெண்கள் பிரசவப் பரிசோதனைக்கே வர மறுத்தார்கள். அந்தச் சட்டம் 2016-இல் காலாவதியாயிற்று; சட்டமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. எட்டு மாநிலங்களின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை, தண்டனைச் சட்டங்கள் நடைமுறையிலிருந்த இடங்களில் சிசுக்களின் உபாதை குறையவில்லை, மிகுந்தே இருந்தது என்று காட்டிற்று. தண்டிக்க ஆவலாயிருக்கும் தேசம், சிகிச்சை நாடி வருபவளுக்கு வாயிலையாவது திறந்துவைத்திருக்கிறதா என்று பார்த்தால், 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளைப்போல் தொலைபேசியில் பேசி வைத்தியர்களிடம் புப்ரெனார்ஃபின் சிகிச்சைக்கு நேரம் கேட்ட பெண்களுள், கர்ப்பிணி என்று சொல்லிக்கொள்ளாதவர்களில் 74 சதவீதத்தினருக்கு நேரம் கிடைத்தது; கர்ப்பிணி என்று சொன்னவர்களில் 61 சதவீதத்தினருக்கே கிடைத்தது. எவளுக்கு அவசரம் மிகுதியோ அவளையே முதலில் திருப்பியனுப்புகிறார்கள்.

‘பிள்ளைக்காகவாவது நிறுத்து’ என்பவர்களின் பார்வை பிரசவத்தோடு முடிந்துவிடுகிறது. மாஸசூசெட்ஸ் மாநிலத்தில் அபினி இனத்துப் பொருள்களுக்கு ஆட்பட்ட நாலாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டவர்கள், அளவு மீறிய போதையால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மிகக் குறைவாகவும், பிரசவத்திற்குப் பின் ஏழாவது மாதம் முதல் பன்னிரண்டாவது மாதம் வரையில் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காகவும் இருந்ததைக் கண்டார்கள். உபாதையைப் பொறுத்துக்கொண்டு மருந்தை விட்டவளின் உடல் பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. உறக்கமின்மையும் தனிமையும் மனச்சோர்வும் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற திகிலும் சூழ்ந்த ஓர் இரவில் அவள் பழைய அளவையே மீண்டும் உட்கொள்ளும்போது, முன்பு அவளை மயக்கிய அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடுகிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் என்ற அரசாங்க மருத்துவ உதவியோ, கர்ப்பத்தை முன்னிட்டு அதைப் பெற்ற பெண்ணுக்குப் பிரசவமான 60 நாளில் முடிவடைந்துவிடலாம் என்பதே நெடுங்காலம் விதியாயிருந்தது. அதை ஓராண்டாக நீட்டிக்கொள்ள மாநிலங்களுக்கு வழி பிறந்தது 2022 ஏப்ரலில்தான். அந்த மாஸசூசெட்ஸ் கணக்கிலேயே, மருந்தைத் தொடர்ந்து பெற்ற தாய்மாருக்குப் பிரசவத்தையடுத்த மாதங்களில் இவ்வாபத்து குறைவாக இருந்தது. ஆதலின் பிள்ளை பிறந்துவிட்டது, இனி மருந்தெதற்கு என்று கேட்கும் உறவினருக்கும் நீதிபதிக்கும் வைத்தியர் சொல்ல வேண்டிய விடை, பிள்ளை தன் முதலாவது பிறந்தநாளைக் கடக்கும் வரையிலேனும் தாயின் மருந்தில் கைவைக்க வேண்டாம் என்பது. அதன் பின்னரும், குறைப்பதா வேண்டாமா என்பதை அவள் விரும்பி, அவளுடைய வைத்தியரோடு கலந்து தீர்மானித்துக்கொள்ளட்டும்.